பக்கமா, பதிவா? எங்கட கரையைப் பற்றி எழுதும்போது

ஒரு கட்டுரையை எழுதி, எழுத்துப்பிழை பார்த்து, படம் சேர்த்து எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கட குழுவுக்குள் உண்மையான வாக்குவாதம் தொடங்கும். "இதைப் பக்கமாப் போடுறதா, பதிவாப் போடுறதா?"

வெளியில இருந்து கேட்கிறவங்களுக்கு இது கணினி தெரிந்தவர்களின் பிரச்சினை மாதிரித் தெரியலாம். ஆனால் புத்தளம், கற்பிட்டி, உடப்பு, சிலாபம் என்று நீளும் இந்தக் கரையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அது ஊரைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. எது நிலைத்து நிற்க வேண்டும்? எது சொல்லப்பட்ட நாளின் பேச்சாகவே இருக்க வேண்டும்? நிற்பதை யார் பொறுப்பெடுத்துப் பார்ப்பது? சொந்தமாக ஒரு தளம் தொடங்க யோசிக்கும் பாடசாலை மன்றங்களும் வாசகர் வட்டங்களும் இதை எங்களிடம் கேட்கிறார்கள். அதனால் எங்களுக்குள் பேசித் தெளிந்ததை இங்கே எழுதி வைக்கிறோம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதிவுக்குத் தேதி உண்டு. புதியது மேலே ஏறும், பழையது கீழே இறங்கும். வகை, குறிச்சொல் என்று அடுக்கலாம். பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பதிவு வந்த செய்தி தானாகவே போகும். பக்கம் அப்படி இல்லை. அது மெனுவில் ஓர் இடத்தில் நிற்கும். பொதுவாக அதில் தேதி தெரியாது. நீங்க அதைத் திருத்தினாலும் யாருக்கும் செய்தி போகாது.

வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தபோது அதில் பதிவு மட்டும்தான் இருந்தது. 2005 பெப்ரவரியில் வந்த 1.5 பதிப்பில்தான் 'பக்கம்' சேர்ந்தது. 1999-இல் தொடங்கிய பிளாக்கரில் தனிப்பக்கம் வர 2010 ஆனது. நாட்குறிப்பு மாதிரித் தொடங்கிய கருவிகளுக்கு, 'இது மட்டும் கீழே இறங்கிப் போகக் கூடாது' என்ற ஒரு மூலை பிறகுதான் கிடைத்தது.

'நிலையான பக்கம்' என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் இருக்கு. தரவுத்தளம் எதுவும் இல்லாமல், எழுதின கோப்பு எழுதினபடியே திறக்கும் சாதாரண எச்.டி.எம்.எல் பக்கம். 1998 பொங்கலோடு தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இப்படித்தான் எளிமையான கோப்புகளாக இணையத்தில் ஏற்றியது. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்திலும் இப்படியான பக்கம் திறக்கும், டேட்டாவும் குறையத் தின்னும். எங்கட வாசகர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் போனில்தான் வாசிக்கிறார்கள் என்பதால் இதை மறக்கக் கூடாது. ஆனால் இந்தக் கட்டுரையில் நாங்கள் பேசுவது முதல் அர்த்தத்தை: நிற்கும் பக்கமா, ஓடும் பதிவா?

இந்தக் கரையில் முன்னமே எழுதிய இரண்டு பேர்

இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்ததும் இல்லை. எங்கட கரையைப் பற்றி முன்னமே எழுதிய இரண்டு பேரைப் பாருங்க.

1344-இல் மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் திசை மாறி இலங்கைக் கரைக்கு வந்தது. அவர் இறங்கிய ஊருக்கு அவர் எழுதிய பெயர் 'பத்தாலா'. அது புத்தளம் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மரத்தால் மதில் கட்டிய சின்ன அழகான ஊர் என்றும், கரையெல்லாம் கறுவா மரத்துண்டுகள் குவிந்து கிடந்தன என்றும் அவரது பயணநூல் சொல்கிறது. ஆரியச்சக்கரவர்த்தி மன்னனைச் சந்தித்ததையும் அங்கிருந்து பாவா ஆதம் மலைக்குப் போனதையும் சொல்கிறது.

இன்றைக்கு எங்கட கரையில் கறுவாத்துண்டு ஒன்றும் குவிந்து கிடப்பதில்லை. உப்பளமும் களப்பும் இறால் பண்ணையும்தான். அதற்காக யாராவது இப்னு பதூதாவின் வரியைத் திருத்துவார்களா? அவர் கண்டது அவர் கண்டதுதான். அதில் எங்களுக்குத் தேவையானதே அந்தப் பழசு. அது ஒரு பதிவு.

மற்றவர் எங்கட ஊர்க்காரர். 1807-இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. 1834-இல் 'சிலோன் கெசட்டியர்' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மாவட்டங்கள், மக்கள் என்று ஒவ்வொன்றையும் தேடி எடுக்கத்தக்க மாதிரி அடுக்கிய நூல் அது. 1859-இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' என்று தொகுத்ததும் அவர்தான். கெசட்டியரில் கதை ஓடாது. ஓர் ஊரைத் தேடி வருகிறவருக்கு அந்த ஊர் அங்கே நிற்கும். இது பக்கம்.

அதே காசிச்செட்டி 1841-இல் 'உதயாதித்தன்' என்று ஒரு தமிழ் இதழும் நடத்தினார். நிற்கும் நூலை எழுதின ஆளுக்கே, நாளோடு நாளாகப் பேச ஓர் இதழும் தேவைப்பட்டிருக்கு. இரண்டில் ஒன்றுதான் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

கெசட்டியரில் இருக்கும் கணக்குகள் இன்றைக்குப் பொருந்தாது. ஆனாலும் அது பயன்படுகிறது. காரணம் அட்டையில் 1834 என்று இருக்கு. அந்த ஆண்டு இல்லாமல் போயிருந்தால் அதே வரிகள் வெறும் பிழையான தகவலாக மாறியிருக்கும். தேதி இல்லாத பக்கத்துக்கு வரும் ஆபத்து இதுதான்.

எல்லாம் செய்தியாகவே ஓடிப்போகும் ஊர்

எங்கட மாவட்டம் செய்தியில் அடிக்கடி வரும். ஆனால் செய்தியாக வந்த அதே வேகத்தில் ஓடியும் போய்விடும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தை எடுங்க. "இயந்திரம் ஒன்று செயலிழந்தது", "மீண்டும் இயங்கத் தொடங்கியது", "மின்வெட்டு வருமா" என்று எத்தனை செய்தி வாசித்திருப்போம்? ஆனால் அந்த நிலையத்தில் 300 மெகாவாட் கொண்ட மூன்று இயந்திரங்கள் இருப்பதும், முதலாவது 2011-இலும் மற்ற இரண்டும் 2014-க்குள்ளும் சேர்ந்ததும், மொத்தம் 900 மெகாவாட் என்பதும் ஊருக்குள்ளேயே பலருக்கு ஒரே இடத்தில் கிடைக்காது. நிலக்கரிக் கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்க, பாதைப்படகுகளில்தான் கரி இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது முடியாது. அதனால்தான் கரி இருப்பு பற்றிய செய்தி வருடத்தின் குறிப்பிட்ட காலத்தில் சூடு பிடிக்கிறது. இதைச் சொல்ல ஐந்து வரி போதும். ஆனால் அந்த ஐந்து வரியும் ஒரு பக்கத்தில் நின்றால்தான், அடுத்த செய்தி வரும்போது வாசகருக்கு விளங்கும்.

அருவக்காட்டுக் கதை இதைவிடக் கசப்பு. 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பின் குப்பையை ரயிலில் கொண்டுவந்து, சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய அருவக்காட்டுக் குழிகளில் கொட்டும் திட்டத்துக்கு அதன்பிறகு வேகம் வந்தது. ஒரு பக்கம் வில்பத்து, மறுபக்கம் களப்பு. களப்பை நம்பித்தான் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரியுது. 2018 கடைசியிலும் 2019-இலும் புத்தளத்து மக்கள் கறுப்புக் கொடியோடு வீதியில் இருந்தார்கள். எல்லாச் சமூகத்தவரும் சேர்ந்து நின்ற நாட்கள் அவை.

அந்த நாட்களில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி பேஸ்புக்கில் போனது. நேரலை, படம், கோபம், கவிதை, கோரிக்கை எல்லாம். அப்போது அதுதான் சரி. ஆட்களைத் திரட்ட நிற்கும் பக்கம் உதவாது, ஓடும் செய்திதான் உதவும். ஆனால் இன்றைக்கு ஓ.எல் படிக்கும் ஒரு பிள்ளை "அருவக்காடு என்றால் என்ன பிரச்சினை?" என்று கேட்டால் எதைக் காட்டுவது? திட்டம் எங்கே தொடங்கியது, குழி எங்கே இருக்கு, ரயில் பாதை எது, மக்கள் கேட்டது என்ன, அரசு சொன்னது என்ன என்பதை வரிசையாகச் சொல்லும் ஒரு பக்கம் வேணும். இந்தப் பிரச்சினை திரும்ப எழும்பினால், ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து தொடங்க எங்களால் முடியாது.

1990

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறோம்.

எங்கட குழுவில் சிலரின் உம்மா வாப்பா தலைமுறை தலைமுறையாகக் கற்பிட்டி, புத்தளம். சிலரின் உம்மா வாப்பா யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு. உடப்பிலிருந்து வருகிறவர்களும், தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போகிறவர்களும் இருக்கிறோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். ஏறக்குறைய 75,000 பேர் வெளியேற்றப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அதில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது எங்கட மாவட்டத்துக்கு.

இதைப் பற்றி எழுதாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. எழுதினால், பக்கமா பதிவா?

"பக்கமாப் போடுங்க, அப்பதான் நிலைக்கும்" என்றார்கள் சிலர். "ஒரு பக்கம் ஒரே குரலில்தான் பேசும். எங்கட வீட்டில் சொல்லுற கதையும் உங்கட வீட்டில் சொல்லுற கதையும் ஒன்றில்லையே" என்றார்கள் சிலர். இரண்டும் நியாயம். வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊரின் கதை இருக்கு. வந்து முப்பது வருடம் கழிந்தும் 'அகதி' என்ற சொல் ஒட்டிக்கொண்ட வேதனை இருக்கு. காணி, தண்ணீர், பாடசாலை இடம், வேலை என்று இரண்டு பக்கத்திலும் பேசாமல் வைத்திருக்கும் மனக்குறை இருக்கு. 2009-க்குப் பிறகு திரும்பிப் போனவர்கள் உண்டு, போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு, போகவே விரும்பாதவர்களும் உண்டு. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் 'நாம்' என்று எழுதினால், அந்த 'நாம்' யாரோ ஒருவரை வெளியே விட்டுவிடும்.

கடைசியில் வந்து சேர்ந்த முடிவு இது. திகதி, மாவட்டங்கள், எண்ணிக்கை, அறிக்கைகள், வந்து தங்கிய இடங்கள் இவையெல்லாம் ஒரு பக்கத்தில். சொற்கள் குறைவாக, சரிபார்க்கக்கூடியதாக. உம்மும்மாக்களும் அப்பாக்களும் சொன்னவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவாக, சொன்ன நாளோடு, சொன்ன பேச்சில். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு முட்டினால் முட்டட்டும், நாங்கள் சமப்படுத்த மாட்டோம். அந்தப் பக்கத்திலிருந்து எல்லாச் சாட்சியத்துக்கும் வழி இருக்கும். ஒவ்வொரு சாட்சியத்தின் தலையிலும் அந்தப் பக்கத்துக்கு வழி இருக்கும்.

சொன்னவர் பிறகு வந்து "அந்த இடத்தை நான் வேறு மாதிரிச் சொல்லணும்" என்றால்? பழைய வரியை அழிக்காமல், கீழே தேதியிட்டு அவர் இப்போது சொல்வதைச் சேர்ப்போம். "என்ட பெயரை எடுத்துருங்க" என்றால் கேள்வி கேட்காமல் எடுப்போம். சாட்சியம் எங்களுக்குச் சொந்தமில்லை.

இரண்டு வாக்குறுதி

இவ்வளவு பேசியதிலிருந்து எங்களுக்கு விளங்கியது இதுதான். பக்கமும் பதிவும் வாசகருக்குக் கொடுக்கும் வாக்குறுதிகள் வேறு வேறு. பதிவு சொல்வது: "இந்த நாளில் இப்படி இருந்தது, இதை நாங்கள் சத்தமில்லாமல் மாற்ற மாட்டோம்." பக்கம் சொல்வது: "இது இன்றைக்கும் சரி, இதை ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்." எந்த வாக்கைக் காப்பாற்ற முடியுமோ அதைத்தான் கொடுக்க வேண்டும்.

வெள்ள நேரத்தை நினைச்சுப் பாருங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கு 1990 ஆகியவை பக்கத்தில் இருக்க வேண்டியவை. (அம்புலன்ஸ் இலக்கத்தைப் பார்த்ததும் எங்களில் சிலருக்கு வேறு நினைவு வரும். அதற்கு யாரும் என்ன செய்ய.) ஆனால் "இந்த வீதியில் தண்ணி ஏறிட்டு" என்பது பதிவு. அதில் தேதி மட்டும் போதாது, மணியும் வேணும். போன வருட வெள்ளத்துப் பதிவை இந்த வருடம் வட்ஸ்அப்பில் அனுப்பி ஊரைக் கலக்குவது எங்களுக்குப் புதுசா என்ன? அதேபோல, பிரதேச செயலகத்தில் என்ன பத்திரத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்று பக்கம் எழுதி, மூன்று வருடம் யாரும் திறந்து பார்க்காமல் விட்டால், அதை நம்பிப் பஸ் ஏறிப் போன ஆளின் ஒரு நாள் கூலி போச்சு.

அதனால் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட ஒழுங்கு:

1. அடுத்த வருடம் இதே நாளில் இது உண்மையாக இருக்க வேண்டுமா? ஆம் என்றால் பக்கம், இல்லை என்றால் பதிவு. குழப்பமாக இருந்தால் பதிவாகவே போடுவோம். பதிவைப் பிறகு பக்கமாக வளர்க்கலாம்.

2. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர். பக்கத்தின் தலையிலேயே 'கடைசியாகச் சரிபார்த்தது' என்று நாள் இருக்கும். ஆள் இல்லாவிட்டால் பக்கம் இல்லை.

3. பதிவில் பிழை கண்டால் கீழே தேதியோடு திருத்தம் போடுவோம்.

4. பக்கத்தைப் பெரிதாகத் திருத்தினால், "இதை மாற்றியிருக்கிறோம்" என்று ஒரு சின்னப் பதிவும் போடுவோம். இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

5. முகவரியை மாற்ற மாட்டோம். நல்ல இணைய முகவரி மாறக் கூடாது என்று வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதியிருக்கிறார். பதிவின் முகவரியில் ஆண்டு இருக்கலாம். பக்கத்தின் முகவரியில் ஆண்டு வேண்டாம்.

6. பதிவின் முதல் பந்தியிலேயே தொடர்புள்ள பக்கத்துக்கு வழி வைப்போம். எங்கட வாசகர்கள் முகப்பு வழியாக வருவதில்லை. யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டி நேராகப் பதிவுக்குள் வருகிறார்கள். மெனுவை அவங்க காண்பதே இல்லை.

மூன்றாவது வழி

விக்கி என்று ஒன்று இருக்கே என்று நீங்க கேட்கலாம். நல்ல கேள்வி. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கம் நிற்கும், ஆனால் 'வரலாற்றைக் காட்டவும்' என்பதைத் தட்டினால் யார், எப்போது, எதை மாற்றினார் என்று எல்லாம் தெரியும். பக்கத்தின் நிலைப்பும் பதிவின் நேர்மையும் ஒன்றாகச் சேர்ந்த இடம். எங்கட ஊர்களைப் பற்றிய விக்கிப் பக்கங்களில் எழுத இன்னும் நிறைய இடம் இருக்கு. சரிபார்க்கக்கூடிய தகவல்களை அங்கேயும் சேர்க்கலாம். ஆனால் உம்மும்மா சொன்ன கதைக்கு விக்கியில் இடமில்லை. அது எங்களிடம்தான் இருக்க வேண்டும்.

இருந்தால் மட்டும் போதாது, மிஞ்சவும் வேண்டும். ஜியோசிட்டீஸில் உலகமெங்கும் இலட்சக்கணக்கானவர்கள் கட்டிய பக்கங்களை யாஹூ 2009 ஒக்டோபரில் மூடியது. 'நிலையான' பக்கங்கள்தான் அவையும். அதனால் எங்கட பக்கம், பதிவு எல்லாவற்றையும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு பிரதி சேமிக்கிறோம். ஊர்க்காரர்கள் பரணில் வைத்திருக்கும் பாடசாலை மலர்கள், பள்ளிவாசல் நினைவுமலர்கள், திருவிழா மலர்கள் கிடைத்தால், 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் தளத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கிறோம். கறையான் தின்ற பிறகு பக்கமா பதிவா என்று பேசிப் பயனில்லை.

இப்போது என்ன வேணும்?

பதிவு எழுத எங்களிடம் ஆள் இருக்கு. பரீட்சை முடிந்த மாதத்தில் பத்துப் பேர் எழுதுவார்கள். பக்கம் காக்கத்தான் ஆள் குறைவு. அது பெயர் வாங்கித் தரும் வேலை இல்லை. 'லைக்' வராது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து, இந்த இலக்கம் இன்னும் வேலை செய்கிறதா, இந்தப் பஸ் இன்னும் ஓடுகிறதா, இந்த அறிக்கைக்குப் பிறகு வேறு ஏதும் வந்ததா என்று பார்க்கிற வேலை.

எங்கட மீனவர் வாடிகளைப் பார்த்திருப்பீங்க. காற்று மாறினால் வாடியைக் கழற்றிக்கொண்டு அடுத்த கரைக்குப் போவார்கள். போகிற கரையில் கிணறு எங்கே என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேணும். எங்களுக்கும் அப்படிச் சில பக்கங்கள் போதும். நாலு: அருவக்காடு, நுரைச்சோலை, 1990, அவசர இலக்கங்கள். இந்த நாலுக்கும் பொறுப்பாளர் கிடைத்த பிறகுதான் ஐந்தாவதைப் பற்றிப் பேசுவோம்.

இந்த நாலில் ஒன்றை நீங்க எடுக்கலாம். எழுத்தாளராக இருக்கத் தேவையில்லை. பொறுமையும், ஊரில் நாலு பேரிடம் கேட்டுச் சரிபார்க்கிற பழக்கமும் இருந்தால் போதும். உங்கட வீட்டில் சொல்லுறதுக்குக் கதையோடு ஒரு மூத்தவர் இருந்தால் அதையும் எங்களுக்குச் சொல்லுங்க. பதிவை நாங்கள் வந்து எழுதுகிறோம். இந்த ரெண்டாவது வேலை அவசரம். பக்கத்தை அடுத்த மாதமும் திருத்தலாம், அவர்களை அடுத்த மாதமும் கேட்கலாம் என்று நம்பி இருக்க முடியாது.